பின்பையில் ஒரு வில்லுக்கத்தி

நேயர்களே, கத்தியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றவுடன் உங்களிற் சிலர் வானொலிப் பெட்டியின் ஒலியைக் குறைத்துவிட எண்ணக்கூடும். அஞ்ச வேண்டா. வலைக் கயிற்றை அறுக்கவும், தூண்டிலுக்கு இரை நறுக்கவும், ஓய்ந்த வேளையில் ஒரு மாம்பழத்தைச் சீவவும் உதவுகின்ற சிறிய மடக்குக் கத்தியே என் பேச்சின் பொருள். யாழ்ப்பாணத்தாரும் மன்னாரார் பலரும் அதனை வில்லுக்கத்தி என்பர். அந்தக் கத்தியைக் காற்சட்டையின் பின்பையில் வைத்துக்கொண்டு ஒருவர் நாள் முழுவதும் நடக்கவும், குனியவும், படகின் விளிம்பில் உட்காரவும் முடியுமா என்பதே நான் எடுத்துக்கொண்ட கேள்வி. கேள்வி சிறிதாகத் தோன்றும். ஆனால் அதற்குரிய விடை ஒரு முதியவரின் உயிரோடு தொடர்புடையதாய் இருந்ததை நான் தாழ்வுபாட்டுக் கரையிலேதான் கேட்டறிந்தேன்.

தாழ்வுபாடு மன்னார்த் தீவின் தென்கரையில், மன்னார்க் குடாவை நோக்கி அமைந்த கடற்றொழிலாளர் ஊர். வெண்மணற் பரப்பு, அதன்மேல் வரிசையாக ஏற்றிவைத்த கண்ணாடியிழைப் படகுகள், அவற்றின் நிழலில் வலை பொத்துகின்ற மனிதர். கரைவலை வளைத்து இழுக்கும் இடத்திற்குப் பாடு என்ற சொல் நம் கரையோரங்களில் வழங்குகின்றது. சோளகக் காற்று மூர்க்கமாக வீசும் மாதங்களில் இத்தென்கடல் கொந்தளிக்கும்; வாடை தொடங்கினால் கொந்தளிப்பு வடகடலுக்கு மாறும். எந்தக் காற்று வீசினாலும் இக்கரையிலே கத்திக்கு மட்டும் ஓய்வு கிடையாது. கிழிந்த கண்ணிகளின் ஓரத்தைச் சீர்செய்ய, புதிய நூலைத் துண்டிக்க, சிக்கிய நண்டின் காலருகே முறுகிக்கிடக்கும் இழையை அறுக்க, மிதப்புக் கட்டையின் முடிச்சை வெட்டியெடுக்க, எல்லாவற்றிற்கும் அதுவே வேண்டும். வலையில் அகப்பட்ட கடலாமையை விடுவிக்கவும் வேண்டும். அந்த ஆமையைச் சட்டம் காக்கின்றது. ஆனால் அதற்காக வலையை அறுப்பவனுடைய நட்டத்தை யாரும் ஈடுசெய்வதில்லை என்று ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு, தாம் அறுத்து விடுவதுதான் வழக்கம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

வேடிக்கை என்னவெனில், மன்னார்க் கடலுக்கு உலகப் புகழ் தேடித்தந்த தொழிலில் சிப்பியைத் திறப்பதற்குக் கத்தியை நம்பவில்லை. மரிச்சுக்கட்டியிலும் சிலாவத்துறையிலும் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளியாளர் அள்ளிவந்த சிப்பிகளைக் கொட்டு என்னும் அடைப்புக்களிலே குவித்து, அழுகவிட்டு, பின்னர் கடல்நீரில் பலமுறை கழுவி முத்தைப் பொறுக்கினார்கள். இலட்சக்கணக்கான சிப்பிகளை ஒவ்வொன்றாகக் கத்தியால் பிளப்பதற்கு ஆளும் போதாது, நாளும் போதாது. 1905ஆம் ஆண்டின் பெரிய முத்துக்குளிப்பும் அவ்வாறே நடந்தது. அந்த நாற்றத்தைப் பற்றி எழுதாத வெளிநாட்டுப் பயணிகள் அரியர். முத்து போயிற்று, வலைத்தொழில் நின்றது. கத்தியின் ஆட்சி வலையோடு வந்ததேயாகும்.

அக்காலத்துத் தொழிலாளி காற்சட்டை அணிந்தவனல்லன். சாரத்தை இறுகக் கட்டி, மேல்விளிம்பைச் சுருட்டிச் செருகினால் இடுப்பிலே ஒரு மடி உண்டாகும். வெற்றிலை, காசு, சுருட்டு எல்லாம் அந்த மடியில் அடங்கும், கத்தியும் அடங்கும். திறப்பை அரைஞாணில் கட்டிக்கொள்வதுபோலக் கத்தியையும் கட்டிக்கொண்டால் கடலில் விழுந்தாலும் காணாமற்போகாது. இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை உண்டு. மடி வயிற்றின் முன்புறத்தில் இருப்பதால் எந்தக் கையும் அதனை எட்டும்; உட்கார்ந்தால் அதன்மேல் உடலின் பாரம் விழாது. ஒரு தீமையும் உண்டு. சாரம் அவிழ்ந்தால் எல்லாமே அவிழ்ந்துவிடும்.

காற்சட்டைக்கு நம் நாட்டில் வழங்கும் களிசான் என்னும் பெயர் போர்த்துக்கேயர் தந்தது. அவர்கள் 1560ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றியவர்கள். ஆட்சி போனபின்னும் அவர்களுடைய சொல் நம் இடுப்பில் நின்றுவிட்டது. ஆயினும் இன்று கடலுக்குச் செல்லும் இளைஞர் அணிகின்ற, பின்புறத்தில் பை வைத்துத் தைத்த தடித்த நீலக் காற்சட்டையின் மூலத்தை அமெரிக்காவிலே தேடவேண்டும். அங்கே 1873ஆம் ஆண்டில் லெவி ஸ்ட்ராஸ் என்னும் வணிகரும் ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரரும், உழைப்பாளரின் காற்சட்டைப் பைகள் கிழியாதிருக்கும்படி மூலைகளிலே செப்புக் குமிழாணி அடிக்கும் முறைக்கு உரிமை பெற்றனர். முதலில் பின்னால் ஒரு பைதான் இருந்தது. இரண்டாவது பை 1901ஆம் ஆண்டில் சேர்ந்தது. அந்தப் பின்பைகளின் ஆணிகள் நாற்காலிகளையும் குதிரைச் சேணங்களையும் கீறுகின்றன என்று குறை எழவே, 1937ஆம் ஆண்டில் அவற்றைத் துணிக்குள் மறைத்துத் தைத்தார்கள். ஒரு சிறு செப்பாணியே இவ்வளவு தொல்லை தருமானால், நான்கு அங்குல நீளமுள்ள எஃகுத் துண்டு என்ன செய்யும் என்பதை நீங்களே எண்ணிப்பாருங்கள். மன்னார் நகரத்திற்குச் செல்லும் பேருந்தின் இருக்கைகளிற் காணப்படும் கீறல்களுக்கெல்லாம் பள்ளிப் பிள்ளைகளை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று.

இனி அந்த முதியவரிடம் வருகிறேன். எழுபதைக் கடந்தவர், ஆனால் படகு தள்ளும்போது கையைப் பின்னுக்கு வைப்பவரல்லர். நான் அவரருகே மணலில் அமர்ந்தபோது, என் காற்சட்டையின் பின்பையில் இருந்த மடக்குக் கத்தி என்னைக் குத்தவே நெளிந்தேன். அவர் கண்டுகொண்டார்.

“என்ன தம்பி, பின்னாலை கத்தியோ?”

“ஓம் ஐயா.”

“நானும் அப்பிடித்தான் வைச்சிருந்தனான். கடல் எனக்குப் படிப்பிச்சுது.”

அவர் சொன்ன செய்தி இது. ஒரு நாள் விடியுமுன் வலை விட்டுக்கொண்டிருந்தார்கள். படகு மெதுவாக முன்னே செல்ல, வலையும் அடிக்கயிறும் பின்னே இறங்கிக்கொண்டிருந்தன. தளத்திற் கிடந்த கயிற்றின் ஒரு சுருள் அவருடைய கணுக்காலைப் பற்றியது. கல்லின் பாரமும் படகின் வேகமும் சேர்ந்து அவரை விளிம்புக்கு மேலாக இழுத்து நீரிலே தள்ளின. கத்தி வலப்பக்கப் பின்பையில் இருந்தது. அதற்குக் கைநீட்டினார். நனைந்த துணி உடம்போடு ஒட்டிக்கொண்டு பையின் வாயை மூடிவிட்டது. விரல்நுனி மட்டும் நுழைந்தது. கத்தியோ பையின் அடியிலே குறுக்காகக் கிடந்தது. “கத்தி கிடந்தது தம்பி, கைதான் போகேல்லை” என்றார். அதை எடுத்திருந்தாலும், அலகின் நகக்குழியில் நகம் வைத்துத் திறக்க மற்றக் கையும் வேண்டும். அந்தக் கை படகின் விளிம்பைப் பற்றியிருந்தது. படகில் இருந்த மருமகன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, இரை நறுக்கும் கத்தியால் கயிற்றை வெட்டினார். அதனால்தான் இந்தக் கதையை அவரே சொல்ல நான் கேட்கக் கிடைத்தது.

இந்த நிகழ்ச்சியை ஆராய்ந்தால், பின்பையின் குற்றங்கள் எல்லாம் அதில் அடங்கியிருப்பதைக் காணலாம். முதலாவது, பை அகலமானது, கத்தி ஒடுக்கமானது. ஆகையால் நிற்கும்போது நேராக நிற்கும் கத்தி, ஒருமுறை உட்கார்ந்து எழுந்தவுடன் குறுக்கே சாய்ந்துவிடுகின்றது. குறுக்கே கிடக்கும் கத்தி, உட்காரும்போது உடலின் பாரத்தைத் தாங்கும் எலும்பிற்கும் பலகைக்கும் நடுவில் அகப்படுகின்றது. இடுப்பிலிருந்து புட்டத்தின் வழியாகக் காலுக்கு இறங்கும் பெருநரம்பு அந்தப் பக்கமாகவே செல்கின்றது. பின்பையில் தடித்த பணப்பை வைத்து நெடுநேரம் அமர்பவர்க்கு அந்நரம்பு அழுத்தப்பட்டுக் காலில் குடைச்சலும் விறைப்பும் உண்டாவதை மருத்துவர்கள் எழுதியிருக்கின்றனர். பணப்பையாவது தோலால் ஆனது. கத்தி எஃகு.

இரண்டாவது குற்றம், கத்தி தானே திறந்துகொள்ளும் இடர். வில்லுக்கத்தி என்ற பெயரின் காரணத்தை இங்கே சொல்லவேண்டும். பிடியின் முதுகுப்புறத்தில் நீண்ட எஃகு வில் ஒன்று உண்டு. அது அலகின் அடிப்பாகத்தை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அடிப்பாகத்தைச் சதுரமாகச் சீவியிருப்பதால், மடித்த நிலையிலும் திறந்த நிலையிலும் வில்லின் அழுத்தம் அலகை நிறுத்திவைக்கின்றது. பூட்டு ஒன்றும் இல்லை, அழுத்தமே காவல். வில் தளர்ந்தாலோ, துருவினால் அச்சாணி தேய்ந்தாலோ அக்காவல் போய்விடும். பிரான்சு நாட்டின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890ஆம் ஆண்டில் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தியில் இந்த வில்லே இல்லை. மரத்தின் இறுக்கத்தாலேயே அலகு நிற்கும். 1955ஆம் ஆண்டில் அதற்கு ஒரு சுழல்வளையம் பூட்டாக அமைந்தது. விலை மலிந்த நல்ல கத்திதான். ஆனால் நீரிலே நனைந்தால் மரம் பருத்து அலகைக் கவ்விக்கொள்ளும். மலையிலே ஆடு மேய்ப்பவனுக்கு அது குறையன்று. கடலில் நிற்பவனுக்குப் பெருங்குறை.

மூன்றாவதாக, எட்டும் வசதி. பின்பை நம் கண்ணுக்குத் தெரியாத இடம். இன்னும், ஒரு கைக்கு மட்டுமே உரிய இடம்: வலப்பையை இடக்கை எளிதில் எட்டாது. இதனால்தான் முதியவர், உயிருக்கு உதவும் கத்தி வேறு, வேலைக்கு உதவும் கத்தி வேறு என்று பிரித்துவிட்டார். படகின் உட்புறத்தில், அணியத்திலிருந்தும் பின்புறத்திலிருந்தும் கைக்கு எட்டும் இரண்டு இடங்களில், மடக்காத கத்திகள் உறையோடு கட்டியிருக்கின்றன. அவற்றை எடுத்து மாம்பழம் சீவ எவருக்கும் அனுமதி இல்லை. என் கருத்தும் அதுவே. மடக்குக் கத்தியை எவ்வளவு திறமையாகப் பையில் அமைத்தாலும், கால் சிக்கியவனுக்கு அது இரண்டாந் துணைதான்.

அப்படியானால் பின்பையை விட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். முன்பையில் வைத்தால் வலை இழுக்கக் குனியும்போது தொடையின் மடிப்பிலே முட்டுகின்றது. சட்டைப்பையில் வைத்தால் குனிந்தவுடன் கடலுக்குக் காணிக்கை. கரையில் வலை பொத்தும்போதும், சந்தைக்குச் செல்லும்போதும் பின்பையைப்போல் ஒதுங்கிய இடம் வேறில்லை. ஆகவே அவர் பின்பையைத் திருத்தினார்.

திருத்தம் ஊரிலுள்ள தையற்காரரின் கையில் பத்து நிமிட வேலை. வலப்பின்பையின் வெளிப்புறத் தையலுக்கு, அதாவது இடுப்பின் பக்கமாக உள்ள ஓரத்துக்கு, இணையாக மேலிருந்து கீழே இன்னொரு தையல் ஓட்டப்பட்டது. இரண்டு தையல்களுக்கும் இடையில் கத்தியின் அகலத்திற்கு ஒரு நெல்மணி அளவு கூடுதலான ஒடுங்கிய அறை அமைந்தது. அறை மிக ஆழமாக இருந்தால் கத்தி அமிழ்ந்துபோகும். ஆகவே, கத்தியின் தலை பையின் வாய்க்கு ஒரு விரற்கடை கீழே நிற்குமாறு அடியிலும் ஒரு குறுக்குத் தையல் போட்டார்கள். இப்போது கத்தி சாயாது. இடுப்பின் ஓரத்தில் நேராக நிற்பதால், உட்காரும்போது பாரம் அதன்மேல் விழாமல் பக்கத்தே ஒதுங்குகின்றது. நான் அவருடைய காற்சட்டையை அணிந்து பார்க்கவில்லை. ஆனால் என் காற்சட்டையில் அவ்வாறே தைப்பித்து, மன்னாரிலிருந்து கொழும்புவரை பேருந்தில் அமர்ந்து வந்தேன். கத்தியை மறந்துவிட்டேன் என்பதே அதற்கு நான் தரும் நற்சான்று.

கத்தியை எந்தப் பக்கமாக இடுவது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மடித்த கத்தியின் ஒரு புறம் வில் உள்ள முதுகு. மறுபுறம் அலகு வெளிவரும் வாய். அந்த வாய்ப்புறம் பையின் வெளித்தையலை அணைத்து நிற்கவேண்டும். வில் தளர்ந்து அலகு திறக்க முயன்றாலும், தடித்த தையல் சுவரைப்போலத் தடுத்து நிறுத்தும். முதுகைத் தையலின் பக்கம் வைத்தால் வாய் உள்நோக்கித் திறந்திருக்கும். நீங்கள் கைவிடும்போது முதலில் உங்களை வரவேற்பது கூர்முனையாக இருக்கலாம். அச்சாணி மேலே இருப்பதா கீழே இருப்பதா என்பதில் முதலில் நான் அவரோடு மாறுபட்டேன். அச்சாணி மேலே இருந்தால் விரல் தொடுவது மழுங்கிய முனை. அதுவே பாதுகாப்பு என்றேன். அவரோ கத்தியின் மறுநுனியிலுள்ள வளையத்தை மேலே வைத்து, அதில் நான்கு விரல் நீளமான கயிற்று வால் ஒன்றைக் கட்டி, நுனியில் முடிச்சிட்டு வெளியே தொங்கவிட்டிருந்தார். நனைந்த பைக்குள் விரலை நுழைக்க வேண்டியதே இல்லை. முடிச்சைப் பற்றி இழுத்தால் கத்தி வந்துவிடும். நான் தோற்றேன்.

கயிற்றை நீளமாக விட்டு இடுப்புப் பட்டியோடு கட்டுவோரும் உண்டு. பாய்க்கப்பல் மாலுமிகள் கத்தியைக் கயிற்றில் கட்டியே வைத்திருந்தனர்; பாய்மரத்தின் உச்சியிலிருந்து நழுவிய கத்தி கீழே நிற்பவனுடைய தலையில் இறங்கும் அல்லவா? ஆனால் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகிலே நீண்ட கயிறு தானே ஒரு கண்ணியாகிவிடும். கட்டத்தான் வேண்டுமானால், பலமாக வெட்டி இழுத்தால் அறுந்துபோகும் மெல்லிய நூலால் கட்டுவது அறிவுடைமை. அக்காலத்து மாலுமியின் கத்தி இன்னொன்றையும் நமக்குக் கற்பிக்கின்றது. அதன் அலகு நேரானது, நுனி கூரற்று வளைந்திறங்குவது. ஆடும் தளத்தில் கயிறு அறுப்பவனுக்கு விளிம்பு போதும். கூர்நுனி அவனையோ அயலானையோ குத்துவதற்கே உதவும். பையில் வைக்கக் கத்தி வாங்குவோர் அத்தகைய அலகைத் தேடுவது நன்று. பல அலகும் திருகாணியும் கத்தரிக்கோலும் சேர்ந்த பருத்த கத்திகளும் உண்டு. சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்சனர் 1897ஆம் ஆண்டில் பதிவுசெய்த அதிகாரிகள் கத்தியின் வழிவந்தவை அவை. பார்க்க அழகு, பின்பைக்குப் பாரம். மெல்லிய பிடி, உருண்ட ஓரம், ஒரே அலகு ஆகிய இவை போதும். 1981ஆம் ஆண்டில் அமெரிக்கரான சால் கிளெசர் தம் கத்தியின் பக்கத்தில் எழுதுகோலுக்கு இருப்பதுபோன்ற கவ்வியும், ஒரு கைப் பெருவிரலால் திறக்க அலகில் ஒரு வட்டத்துளையும் அமைத்தார். அந்தத் துளையை நான் மனமாரப் புகழ்வேன். கவ்வியைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். பைக்கு வெளியே நிற்கும் எந்த இரும்பும் வலைக்கண்ணியைத் தேடிப்பிடிக்கும்.

நூலைப் பற்றியும் ஒரு சொல். பருத்தி நூல் வலைகளை மழுங்கிய கத்தியும் அறுத்துவிடும். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் நைலோன் வந்தது. அது நீளும், வழுக்கும், மழுங்கிய விளிம்பின்கீழ் நெளிந்து தப்பும். ஆகையால் அலகின் அடிப்பகுதியில் சிறிது தூரம் பல் வெட்டியிருந்தால் அவசரத்தில் மிகவும் உதவும்.

இனித் துரு. உப்பு நீரும் வியர்வையும் சேருமிடம் பின்பை. துருப்பிடிக்காத எஃகு என்று கடைக்காரர் சொல்வது முழுவுண்மையன்று. ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி 1913ஆம் ஆண்டில் உருக்கிய அவ்வகை எஃகில் குரோமியம் சேர்ந்திருந்தது. சுமார் பத்தரை விழுக்காட்டிற்கு மேல் குரோமியம் இருந்தால், அது காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாய் எஃகைக் காக்கும். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைச் சிறுசிறு புள்ளிகளிலே துளைக்கின்றது. கூர் நிற்க வேண்டுமெனில் எஃகில் கரி மிகவேண்டும்; கரி மிகுந்தால் அது குரோமியத்தின் ஒரு பங்கைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும்; காவல் குறையும். பிடியின் உட்புறத்தில் பித்தளைத் தகடு இருந்தால் இன்னும் கேடு: உப்புநீரில் பித்தளையும் எஃகும் தொட்டு நிற்கும்போது அரிப்பைத் தாங்குவது எஃகே. ஆகவே கரைக்கு வந்ததும் கத்தியைத் திறந்து நன்னீரில் அலசி, உலர்த்தி, அச்சாணியில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விடவேண்டும். ஈரப்பையில் இரவு முழுதும் கிடந்த கத்தி, காலையில் இரண்டு கைக்கும் திறவாது.

கத்தி வைத்திருப்பவனைச் சமூகம் எப்படிப் பார்க்கின்றது என்பதையும் விட்டுவிட முடியாது. வட இந்தியாவின் இராம்பூரில் செய்த மடக்குக் கத்திக்கு இந்தித் திரைப்படங்கள் தேடித்தந்த கெட்ட பெயர் பெரிது. இந்தியாவின் 1962ஆம் ஆண்டு ஆயுத விதிகள் 9 அங்குலத்திற்கு மேல் நீண்ட, அல்லது 2 அங்குலத்திற்கு மேல் அகன்ற அலகுகளை ஆயுதமாகக் கணக்கிட்டபோதும், வீட்டிற்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் உரியவற்றை விலக்கியே வைத்தன. இலங்கையில் 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில், கடலுக்குச் செல்லவே அனுமதிச் சீட்டு வேண்டியிருந்த மன்னார் மீனவருக்குச் சோதனைச் சாவடிகளில் பையைத் தட்டிக் காட்டுவது அன்றாட வழக்கம். கத்தி பையிலிருந்தால் அது எதற்கு என்று விளக்கவேண்டும். விளக்கத்தை எல்லாரும் ஏற்பதில்லை. அக்காலத்தில் தாம் கத்தியைக் கரைக்குக் கொண்டுவந்ததேயில்லை என்றும், படகிலே வலைக்கடியில் வைத்துவிட்டு வெறும் பையோடு வீடு திரும்புவார் என்றும் முதியவர் சொன்னார். அந்தப் பழக்கம் அவருக்கு நெடுநாள் நீங்கவில்லை. தையற்காரரிடம் போனது அதன் பின்னரே.

பேசிக்கொண்டிருக்கையில் வெயில் சாய்ந்துவிட்டது. அவர் பொத்திய கண்ணியின் கடைசி நூலை அறுத்தார். அலகைச் சாரத்துண்டில் துடைத்து மடித்தார். வில் ‘டக்’ என்று ஒலித்தது. அந்த ஒலி கேட்டால்தான் கத்தி மூடியது என்று பொருள், கேளாவிட்டால் பையில் இடாதே என்று எனக்குச் சொன்னார். பின்னர் அதனைப் பின்பையின் அறையில் செருகி, வெளியே தொங்கிய முடிச்சை ஒருமுறை தொட்டுப்பார்த்துவிட்டு, படகு தள்ளுவதற்காக மருமகனை அழைத்தார்.